பூனைக்கும் ஓர் எந்திரக் கக்கூசு! வாங்குமுன் யோசியுங்கள்

மதுரையில், வைகையின் வடகரையில் இருக்கிறது செல்லூர். தறிகளுக்குப் பெயர் போன ஊர்.

தறி வீட்டில் பூனைக்கு எப்போதும் மரியாதை உண்டு. காரணம், எலி! நூல் மூட்டைக்குள் எலி புகுந்தால் ஒரே இரவில் நஷ்டம். கஞ்சி போட்ட பாவு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பூனை இருந்தால் அந்தக் கவலை பாதி குறையும்.

முன்பெல்லாம் பூனையின் 'வெளி வேலை' யாருக்கும் தொல்லை தந்ததில்லை. ஆற்று மணல் இருந்தது. வாய்க்கால் கரை இருந்தது. பக்கத்தில் காலி மனை இருந்தது. பூனை போகும், குழி தோண்டும், மண்ணைத் தள்ளி மூடும், திரும்பி வரும்.

இப்போது காலி மனையில் வீடு வந்துவிட்டது. சந்துக்குச் சிமெண்டு போட்டாகிவிட்டது. மாடி வீட்டுப் பூனை கீழே இறங்குவதே இல்லை. பூனை மண்ணைத் தேடிப் போன காலம் மாறி, மண் பூனையைத் தேடி வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஒரு பூனை என்றால் சமாளிக்கலாம். மூன்று, நான்கு என்றால்? கணக்குப் போடுங்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் பூனை ஒரு நாளில் 2 முதல் 4 தடவை சிறுநீர் கழிக்கும். ஏறக்குறைய ஒரு தடவை மலம் கழிக்கும். நான்கு பூனைகள் என்றால் நாள் ஒன்றுக்கு 12 முதல் 20 தடவை! அத்தனையையும் யாராவது குனிந்து அள்ள வேண்டும்.

இந்த வேலையைச் செய்ய எந்திரம் வந்திருக்கிறது. பூனை இறங்கிப் போனதும் எந்திரம் தானாகச் சுழலும். அழுக்கை மட்டும் பிரித்துக் கீழ்ப்பெட்டியில் தள்ளும். நல்ல மண்ணைப் பரப்பி வைக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டி சில நூறு ரூபாய்தான். எந்திரமோ பத்தாயிரக் கணக்கில் விலை சொல்லும். பல பூனை வளர்க்கும் வீட்டில் இதை வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

பால் லிட்டர் அல்ல!

கடைக்காரர்கள் இதை 'லிட்டர் பாக்ஸ்' என்பார்கள். இது பால் அளக்கும் லிட்டர் அல்ல! பூனை மலம் கழிக்கப் போடும் மண்ணுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நாம் 'மண் தொட்டி' என்றே சொல்வோம்.

பூனைக்கு ஏன் மண் வேண்டும்? அதன் பூர்விகத்தைப் பார்த்தால் விளங்கும்.

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப் பூனை. தானியக் களஞ்சியத்தில் எலி சேர்ந்தது. எலியைத் தேடிப் பூனை மனிதனிடம் வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். மனிதன் ஒருவனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டு இருந்தது! 2004-ஆம் ஆண்டு இந்தச் செய்தி வெளிவந்தது.

வறண்ட நிலத்துப் பிராணி என்பதால் பூனை தண்ணீர் குறைவாகவே குடிக்கும். அதன் சிறுநீர் கெட்டியாக இருக்கும். நாற்றமும் அதிகம். மண்ணில் தோண்டி மூடும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தே தொடர்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே குட்டிப் பூனை மண்ணைக் கிளறுகிறது அல்லவா? அது பிறவிக் குணம்.

ஆகவே, மண் சுத்தமாக இருந்தால் பூனை தொட்டிக்குப் போகும். அசுத்தமாக இருந்தால் போகாது. கட்டில் மெத்தையையோ துணி மூட்டையையோ தேடும். அதைக் குறும்பு என்று அடிப்பதில் பயன் இல்லை. "என் இடம் அசுத்தமாக இருக்கிறது" என்று பூனை சொல்லும் புகார் அது.

சாம்பலில் தொடங்கிய வியாபாரம்

பூனை மண் கடைச் சரக்கானது எப்படி? அது ஒரு சுவையான கதை.

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம். பனி கொட்டும் இடம். அங்கே காசோபொலிஸ் என்ற சிற்றூரில் எட்வர்ட் லோ என்பவர் தொழிற்சாலைகளுக்கு ஒரு வகைக் களிமண் விற்று வந்தார். தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காக அந்த மண்ணை வாங்குவார்கள்.

1947-ஆம் ஆண்டு, குளிர்காலம். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர் அவரிடம் வந்தார். அவர் வீட்டுப் பூனைக்கு வைத்திருந்த மணல் பனியில் உறைந்துவிட்டது. அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பார்த்தார். பூனை சாம்பல் காலோடு வீடு முழுவதும் கோலம் போட்டுவிட்டது! "கொஞ்சம் மணல் கிடைக்குமா?" என்று கேட்டார்.

லோ மணல் கொடுக்கவில்லை. தன்னிடம் இருந்த களிமண்ணைக் கொடுத்தார். மண் ஈரத்தை உறிஞ்சியது. நாற்றம் குறைந்தது. கால் தடமும் இல்லை. அந்த அம்மையார் மீண்டும் மீண்டும் வந்து கேட்டார்.

லோவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பத்துக் காகிதப் பைகளில் அந்த மண்ணை நிரப்பினார். 'கிட்டி லிட்டர்' என்று பெயர் எழுதினார். கடையில் கொண்டுபோய் வைத்தார். "தெருவில் மணல் சும்மா கிடைக்கும்போது, மண்ணை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?" என்று கடைக்காரர் சந்தேகப்பட்டார். "அப்படியானால் இலவசமாகக் கொடுங்கள்" என்றார் லோ. வாங்கிப் போனவர்கள், அடுத்த தடவை காசு கொடுத்து வாங்க வந்தார்கள்!

அந்தப் பத்துப் பைகள் பெரும் தொழிலாக வளர்ந்தன. 1990-ஆம் ஆண்டு லோ தன் தொழிலைக் கோடிக் கணக்கான டாலருக்கு விற்றார். 1995-ல் காலமானார்.

கட்டி பிடிக்கும் மண்

லோவின் மண் ஈரத்தை உறிஞ்சியது. ஆனால் கட்டி பிடிக்கவில்லை. ஆகவே சில நாளுக்கு ஒரு முறை மொத்த மண்ணையும் கொட்ட வேண்டி இருந்தது.

1980-களில் வேறு ஒரு மண் வந்தது. அதன் பெயர் பெண்டோனைட். இது எரிமலைச் சாம்பலில் இருந்து உண்டாகும் களிமண். தண்ணீர் பட்டால் உப்பும். ஈரம் பட்ட இடம் மட்டும் உருண்டையாகக் கட்டி பிடிக்கும். கட்டியை எடுத்துவிட்டால் மீதி மண் அப்படியே உதவும்.

இந்த மண்ணுக்கு நம் நாட்டிலும் பஞ்சம் இல்லை. குஜராத் மாநிலத்தில் கட்சுப் பகுதியில் ஏராளமாக வெட்டி எடுக்கிறார்கள்.

கட்டி பிடிக்கும் மண் வந்த பிறகுதான், கட்டியைத் தானாகப் பிரிக்கும் எந்திரமும் வந்தது. 1990-களில் சீப்பு வைத்த எந்திரம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் உருண்டை வடிவ எந்திரம் வந்தது. 'லிட்டர் ரோபோ' என்ற அந்த எந்திரம் பிறந்ததும், லோவின் மிச்சிகன் மாநிலத்தில்தான்!

எந்திரம் எத்தனை வகை?

முக்கியமாக மூன்று வகை.

முதல் வகை, சீப்பு வகை. நீளமான தொட்டி. பூனை போனதும் ஒரு சீப்பு மண்ணை வாரிக்கொண்டு போகும். கட்டிகள் ஓரப் பெட்டியில் விழும். மேலே திறந்து இருப்பதால் பூனை பயப்படாது. ஆனால் ஈரமான மலம் சீப்பில் ஒட்டிக்கொள்ளும். சீப்பைக் கழுவும் வேலை நமக்கு வரும்.

இரண்டாவது, உருளை வகை. பெரிய பானையைச் சாய்த்து வைத்தது போல இருக்கும். பூனை உள்ளே போய் வரும். பிறகு பானை மெதுவாகச் சுழலும். உள்ளே உள்ள சல்லடை மண்ணைச் சலிக்கும். மாவு சலிப்பது போலத்தான்! கட்டிகள் கீழ் இழுப்பறையில் விழும். பல பூனை உள்ள வீடுகளில் அதிகமாக வாங்கப்படுவது இந்த வகை. விலையும் கூடுதல்.

மூன்றாவது, பளிங்கு வகை. மண்ணுக்குப் பதில் சிலிக்கா என்ற பளிங்கு மணிகள் இருக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்குமே, அதே சரக்கு! சிறுநீரை அது உறிஞ்சிக்கொள்ளும். மலத்தை மட்டும் சீப்பு ஒதுக்கும். சௌகரியமானது. ஆனால் அந்த எந்திரத்துக்கு என்றே செய்த தட்டைத்தான் அடிக்கடி வாங்கிப் போட வேண்டும். பூனைகள் அதிகமானால் தட்டுச் செலவும் ஏறும்.

எந்த வகையானாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். "இதற்கு என்ன மண் போட வேண்டும்? அந்த மண் மதுரைக் கடையில் கிடைக்குமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. கட்டி பிடிக்காத மண்ணைப் போட்டால் உருளை எந்திரம் வெறுமனே சுற்றும். மண் கிடைக்காவிட்டால் எந்திரம் மூலையில் உட்காரும்.

நான்கு பூனைக்கு எத்தனை தொட்டி?

பூனை மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். எத்தனை பூனையோ, அதைவிட ஒரு தொட்டி அதிகம் வேண்டும். மூன்று பூனைக்கு நான்கு தொட்டி.

ஏன்? பூனைகளுக்குள்ளும் அதிகாரம் உண்டு. வலுத்த பூனை வழியை மறித்து உட்கார்ந்துகொள்ளும். இளைத்த பூனை பயந்து ஒதுங்கும். அடக்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் மெத்தைதான் பலியாகும்! எல்லாத் தொட்டிகளையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தாலும் பயன் இல்லை. பூனையின் கண்ணுக்கு அது ஒரே இடம்தான்.

"ஒரே எந்திரம் நான்கு பூனைக்குப் போதும்" என்று விளம்பரம் சொல்லும். அள்ளும் வேலைக்கு வேண்டுமானால் போதும். வழிமறிக்கும் சண்டையை எந்திரம் தீர்க்காது. ஆகவே ஒரு எந்திரம் வாங்கினாலும், வேறு மூலையில் சாதாரணத் தொட்டி ஒன்றிரண்டு இருக்கட்டும்.

அளவையும் பாருங்கள். பூனையின் மூக்கு நுனியில் இருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். அதைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் உள்ளே இருக்க வேண்டும். வெளியே பார்க்கப் பெரிதாக இருக்கும் சில எந்திரங்களின் உள்ளே பூனை திரும்பவே இடம் இருக்காது. உங்கள் வீட்டில் எது பெரிய பூனையோ, அதை அளந்து வாங்குங்கள்.

உயிர் விஷயம்!

இனிச் சொல்லப்போவதை விலையைவிட முக்கியமாகக் கவனியுங்கள்.

எந்திரத்துக்குக் கண் இல்லை. பூனை உள்ளே இருப்பதைச் 'சென்சார்' என்ற உணரும் கருவிதான் அதற்குச் சொல்ல வேண்டும். நல்ல எந்திரத்தில் இரண்டு மூன்று சென்சார்கள் இருக்கும். ஒன்று எடையை அறியும். மற்றொன்று வாசலில் எதுவும் வருகிறதா என்று பார்க்கும். இன்னொன்று, ஏதாவது சிக்கினால் உடனே மோட்டாரை நிறுத்தும்.

மலிவு எந்திரங்கள் சிலவற்றில் இவை சரியாக இருப்பதில்லை. சுழலும்போது வாசல் ஒடுங்கும் அமைப்பாக இருந்தால், தலையை நீட்டிய பூனையின் கழுத்து சிக்கிக்கொள்ளும். இப்படிப் பூனைகள் இறந்ததாக வெளிநாடுகளில் புகார்கள் எழுந்தன. பெயர் தெரியாத சரக்கை, விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்கக் கூடாது.

வாங்கியதும் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள்.

ஒன்று, அரிசிச் சோதனை. 2 கிலோ அரிசிப் பையை உள்ளே வையுங்கள். எந்திரத்தை ஓட விடுங்கள். அது ஓடக் கூடாது! ஓடினால், சின்னப் பூனை உள்ளே இருந்தாலும் ஓடும் என்று அர்த்தம்.

இரண்டு, துண்டுச் சோதனை. செல்லூரில் துண்டுக்கா பஞ்சம்? கெட்டியாக ஒரு துண்டைச் சுருட்டுங்கள். எந்திரம் ஓடும்போது வாசல் வழியாக நீட்டுங்கள். எந்திரம் உடனே நிற்க வேண்டும். துண்டை நசுக்கிக்கொண்டு மேலும் சுழன்றால், அந்த எந்திரம் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கையை விட்டுச் சோதிக்காதீர்கள்!

குட்டிகளுக்கு எந்திரமே வேண்டாம். அவற்றின் எடை குறைவு. சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை வரும் வரை சாதாரணத் தொட்டிதான் நல்லது. குட்டியும் தாயும் ஒரே வீட்டில் இருந்தால், தானியங்கும் முறையை நிறுத்திவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பொத்தானை அழுத்தி ஓட்டுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எந்திரம் மறைக்கும் ஆபத்து

கையால் அள்ளுவதில் ஒரு நன்மை உண்டு. நாம் அதை நன்மை என்று நினைப்பதே இல்லை! அள்ளும்போது நாம் பார்க்கிறோம். இன்று எத்தனை கட்டி? மலம் இளகி இருக்கிறதா? ரத்தம் கலந்து இருக்கிறதா? ஒரு கட்டியும் இல்லையே, ஏன்? கண் தானாகக் கணக்கு எடுத்துவிடுகிறது.

எந்திரம் இந்தக் கணக்கை மறைத்துவிடும். எல்லாம் இருட்டுப் பெட்டிக்குள் போய்விடும். மேலே பார்த்தால் எப்போதும் சுத்தமான மண்!

இதில் என்ன ஆபத்து? கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் நன்றாகக் கேளுங்கள். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. அதில் சிறு கல்லோ, சளி போன்ற அடைப்போ ஏற்பட்டால் சிறுநீர் நின்றுவிடும். பூனை அடிக்கடி தொட்டிக்குப் போகும். முக்கும். கத்தும். அடியில் நக்கும். ஆனால் ஒரு சொட்டு வராது. பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி, விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அதே நாளில், அதே மணியில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சில எந்திரங்கள் செல்போனுக்குச் செய்தி அனுப்பும். எந்தப் பூனை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லும். எடையையும் குறித்து வைக்கும். இது நல்ல வசதி. ஒரு பூனை ஒரே நாளில் பத்துத் தடவை போயிருந்தால் செல்போன் காட்டிக் கொடுத்துவிடும். எடை சிறிது சிறிதாகக் குறைந்தாலும் தெரியும்.

ஆனால் பல பூனை வீட்டில் ஒரு சிக்கல். பெரும்பாலான எந்திரங்கள் எடையை வைத்தே பூனையை அடையாளம் காண்கின்றன. இரண்டு பூனை ஒரே எடை என்றால்? எந்திரம் குழம்பிவிடும். கறுப்பன் கணக்கில் வெள்ளையன் வரவு எழுதப்படும்! ஆகவே செல்போன் கணக்கை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இழுப்பறையைத் தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பூனைகளையும் பாருங்கள்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

டாக்சோபிளாஸ்மா என்று ஒரு நுண்ணுயிர் உண்டு. சில பூனைகளின் மலத்தில் அது வெளிவரும். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம்.

இதைக் கேட்டுப் பூனையை வீதியில் விட வேண்டியது இல்லை. மலம் விழுந்தவுடன் அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியாலும், மண்ணோடு கழுவாமல் தின்னும் காய்களாலும் கூட இது தொற்றும்.

எந்திரம் உடனுக்குடன் அள்ளுவது நல்லதுதான். ஆனால் இழுப்பறையில் அது பல நாள் தங்குகிறது! வாரம் ஒரு முறை அதைக் கொட்டுவது கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். வேறு ஆள் இல்லை என்றால் கையுறை போட்டுச் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இழுப்பறையைத் தினமும் காலி செய்வது இன்னும் நல்லது.

செல்லூர் வீட்டில் எங்கே வைப்பது?

வெளிநாட்டு விளம்பரத்தில் பெரிய கூடம் இருக்கும். நம் ஊர் வீடு அப்படியா? ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். கூடத்தில் பாதியைத் தறியோ, பீரோவோ பிடித்துக்கொள்ளும். ஆகவே இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

அடுப்படிக்குப் பக்கம் வேண்டாம். பூனையின் சோற்றுத் தட்டுக்குப் பக்கமும் வேண்டாம். உண்ணும் இடத்தில் பூனை கழிக்காது.

தகரக் கூரை அடியில் வைக்காதீர்கள். மதுரைக் கோடையில் 40 டிகிரி வெயில் சாதாரணம். வெப்பம் கூடினால் இழுப்பறை நாற்றமும் கூடும். மின் கருவிக்கும் கேடு. காற்றோட்டம் உள்ள, நிழலான மூலைதான் ஏற்றது.

தறி வீட்டில் பஞ்சுத் துகள் பறக்கும். அது சென்சார் மீது படிந்தால் கருவி குருடாகிவிடும். வாரம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். உறவினர் வெளிநாட்டில் இருந்து வாங்கி வந்தால், அடாப்டரில் எழுதி இருப்பதைப் படியுங்கள். '100 முதல் 240 வோல்ட்' என்று இருந்தால் சரி. 120 மட்டும் என்றால் மாட்டிய உடனே புகைதான்!

மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள் உண்டு. உருளை பாதி சுழன்ற நிலையில் மின்சாரம் போனால் வாசல் மேலே போய் நின்றுவிடும். பூனைக்கு வழி இல்லை! அதற்காகத்தான் சாதாரணத் தொட்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்கிறோம். பேட்டரி வசதி உள்ள எந்திரம் என்றால் இன்னும் நல்லது.

மழைக்காலம் மறக்கக் கூடாதது. 2024 அக்டோபரில் பெய்த கன மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி, தண்ணீர் தெருக்களில் ஓடியது. தாழ்வான வீட்டில் தரையில் வைத்த மின்கருவி என்ன ஆகும்? மழை வலுத்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். எந்திரத்தை மேடான இடத்துக்குத் தூக்கிவிடுங்கள்.

பூனையைப் பழக்குவது எப்படி?

புது எந்திரத்தை வைத்த அன்றே பழைய தொட்டியை எடுத்துவிடுகிறார்கள். இதுதான் பெரும் தவறு.

முதல் வாரம் எந்திரத்தை ஓட விடாதீர்கள். பழைய தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா வையுங்கள். பழைய மண்ணில் ஒரு பிடி எடுத்து அதில் போடுங்கள். தன் வாசனை இருந்தால் பூனை நுழைந்து பார்க்கும். எல்லாப் பூனைகளும் உள்ளே போய் வந்த பிறகு, நீங்கள் பக்கத்தில் இருந்து ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள். சத்தம் பழகட்டும். பிறகே தானியங்கும் முறைக்கு மாற்றுங்கள்.

பூனை போன உடனே எந்திரம் ஓட வேண்டியது இல்லை. கட்டி இறுகச் சில நிமிடம் ஆகும். 7 நிமிடம் போல இடைவெளி வைக்கும் எந்திரங்கள் உண்டு. இடைவெளி இருந்தால், இரண்டாவது பூனை உடனே நுழைந்தாலும் ஆபத்து இல்லை.

கிழட்டுப் பூனை சில நேரம் எந்திரத்தில் ஏறாது. கட்டாயப்படுத்த வேண்டாம். அதற்குத் தாழ்வான தட்டே போதும்.

யார் வாங்கலாம்?

எந்திரம் வாங்க நினைக்கும் வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"ஏம்மா, பூனைக்கா இத்தனை ஆயிரம்? அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாமே!" என்பார் மாமியார்.

"குனிஞ்சு குனிஞ்சு அள்ளி உங்களுக்கும் முதுகு வலி, எனக்கும் முதுகு வலி. எத்தனை நாளைக்கு, அத்தை?" என்பாள் மருமகள்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே வீட்டைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

ஒன்று அல்லது இரண்டு பூனை, வீட்டில் எப்போதும் ஆள் உண்டு என்றால் எந்திரம் தேவை இல்லை. நல்ல ஆழமான தொட்டி, ஒரு சல்லடைக் கரண்டி போதும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அள்ளினால் வீட்டில் நாற்றமே இருக்காது.

மூன்று, நான்கு பூனை, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், ஒரு நல்ல எந்திரமும் இரண்டு சாதாரணத் தொட்டியும் ஏற்றது.

முதுகு வலி, முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் தனியாகப் பூனை வளர்த்தால், அவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல; உதவி.

குட்டிகள் மட்டும் இருக்கும் வீடு என்றால் பொறுத்திருங்கள். குட்டி வளரட்டும்.

கணக்கையும் முழுதாகப் போடுங்கள். எந்திரத்தின் விலை மட்டும் செலவு அல்ல. ஒரு பூனைக்கு மாதம் 5 கிலோ மண் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பூனைக்கு 20 கிலோ. ஆண்டுக்கு 240 கிலோ! அந்தச் செலவு எந்திரம் வாங்கினாலும் தொடரும். அதோடு இழுப்பறைப் பை, வாசனை வடிகட்டி, மின்சாரம், ரிப்பேர். "பழுது பார்க்க மதுரையில் ஆள் உண்டா? உதிரி பாகம் கிடைக்குமா?" என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒரு முறை எந்திரத்தையும் பிரித்துக் கழுவ வேண்டும். தானாகச் சுத்தம் செய்யும் எந்திரத்தையும் நாம்தான் சுத்தம் செய்ய வேண்டும்!

சாக்கடையில் கொட்டாதீர்கள்

கடைசியாக ஒரு வார்த்தை. அள்ளிய கட்டியைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெண்டோனைட் மண் குழாய்க்குள் உப்பும். அடைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டோடு பக்கத்து வீட்டுக் கழிவும் தேங்கும்.

பந்தல்குடி வாய்க்காலிலும் கொட்ட வேண்டாம். செல்லூர் கண்மாய்த் தண்ணீர் வைகைக்குப் போகும் வழி அது. ஏற்கெனவே பட்ட பாடு போதும். கட்டியை ஒரு பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, மாநகராட்சிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். உள்ளே இருப்பது என்ன என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கையும் நம் கை போன்றதுதானே?

எந்திரம் வாங்குவதும் வாங்காததும் உங்கள் வசதி. வாங்கினால், துண்டுச் சோதனை செய்துவிட்டுப் பூனையை உள்ளே விடுங்கள். இழுப்பறையைத் தினமும் திறந்து பாருங்கள். அள்ளும் வேலையை எந்திரத்திடம் கொடுக்கலாம். பூனை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைக் கொடுக்க முடியாது.